வானம் ஆருடைய காணி?

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வடமராட்சிப் பக்கம் ஒரு கடற்கரை. நானும் கூட்டாளி ஒருத்தனும் மோட்டச்சைக்கிளில் போய் இறங்கினோம். அவன்ர பையில் ஒரு சின்ன ட்ரோன். வெளிநாட்டு மாமா அனுப்பினது எண்டு நினைக்க வேண்டாம். இரண்டு வருசம் ரியூசன் சொல்லிக்குடுத்து, கலியாண வீடுகளில் கமெராக்காரருக்கு லைட் பிடித்து, சேர்த்த காசில் அவனே வாங்கினது. பற்றரி ஒன்று போட்டால் அரை மணித்தியாலம் கூட ஒழுங்காகப் பறக்காது. ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்காக அவன் கிழமை முழுக்கக் காத்திருப்பான்.

அண்டைக்கு நாங்கள் போனதுக்கு ஒரு காரணமும் இருந்தது. நான் புவியியல் படிக்கிறவன். அந்தக் கரையில் கடலரிப்பு. ஆறு மாதத்துக்கு முதல் கூட்டாளி அதே இடத்தில் சும்மா விளையாட்டுக்கு ஒரு வீடியோ எடுத்திருந்தான். அதைப் பார்த்த கடற்தொழிலாளர் அண்ணைமார், "தம்பி, இப்பவும் ஒருக்கா எடுத்துத் தாங்கோ. வள்ளம் ஏத்துற இடம் எவ்வளவு போட்டுது எண்டு ரெண்டையும் வைச்சுக் காட்டலாம்" என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் சொல்லிச் சொல்லிக் களைத்த விசயம் அது. வாயால் சொன்னால் ஒருத்தரும் காதில் எடுப்பதில்லை. மேலிருந்து எடுத்த இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பிரதேச செயலகத்தில் இருக்கிறவருக்கும் விளங்கும்.

ட்ரோன் ஏறியது. முருகைக்கல் பாரின் நிறம், காயப்போட்ட வலை, வரிசையாக வள்ளங்கள். ஐந்து நிமிசம் இருக்கும். ஜீப் ஒன்று வந்து நின்றது.

"மல்லி, மே மொகக்த?"

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். கூட்டாளி போனில் இருந்த பதிவுப் பத்திரத்தைக் காட்டினான். பத்திரம் இங்கிலிசில். வந்தவர் அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இது கொழும்பில தந்தது. இங்க ஆர் பெர்மிசன்?" என்று உடைந்த தமிழில் கேட்டார். மற்றவர் றிமோட்டைப் பறிக்கக் கை நீட்டினார். ட்ரோன் அப்போதும் கடலுக்கு மேலே நின்றது. "சேர், ஒரு நிமிசம், இறக்கிப்போட்டுத் தாறன்" என்று இவன் கெஞ்சினான். இறக்கின கையோடு ட்ரோன், றிமோட், போன் மூன்றும் அவர்கள் கையில். ஸ்டேசனில் மூன்று மணித்தியாலம். ஏன் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டதற்கு ஒரு பதிலும் இல்லை. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். என்ன எழுதியிருக்கு என்று கேட்டதற்கு, "நீங்க சொன்னதுதான்" என்றார்கள். கடைசியில் ஒருத்தர் வந்து எல்லா வீடியோவையும் அழிக்கச் சொன்னார். கூட்டாளி ஒவ்வொன்றாக அழித்தான். அண்டைக்கு எடுத்தது மட்டுமில்லை. ஆறு மாதத்துக்கு முதல் எடுத்ததும், தங்கச்சியின் சாமத்தியவீட்டு வீடியோவும் அதே காட்டில்தான் இருந்தன.

ட்ரோனை அடுத்த நாள் வந்து எடுக்கச் சொன்னார்கள். துண்டு தரவில்லை. அடுத்த நாள் போனபோது, தந்தவர் சிரித்துக்கொண்டு கேட்டது: "மல்லி, நல்லா எடுக்கிறீங்க. என்ட மகளுக்கு அடுத்த மாசம் பிறந்தநாள். வந்து எடுத்துத் தருவீங்களா?"

இந்தக் கடைசி வசனத்தை நான் பகிடிக்காக எழுதவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வசனத்துக்குள் இருக்கிறது. முதல்நாள் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தான சாமான், அடுத்த நாள் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போதுமான சாமான். இரவோடிரவாக ட்ரோன் மாறவில்லை. சட்டமும் மாறவில்லை. ஆருக்காகப் பறக்கிறது என்பது மட்டும்தான் மாறியது.

சரி, "சட்டம் எண்டு ஒண்டு இருக்குத்தானே" என்று சொல்பவர்களுக்கு முதலில் பதில் சொல்வோம். ஓம், இருக்கு. இருக்கவும் வேண்டும். 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ஆளில்லா விமானங்களுக்கென்று விதிகள் வைத்திருக்கிறது. பதிவு இருக்கிறது, அனுமதி இருக்கிறது, பாதுகாப்பு அமைச்சின் சம்மதம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து நாலாவது நாள், ஏப்ரல் 25ஆம் திகதி, நாடு முழுக்க ட்ரோன் பறக்கவிடுவதைத் தடை செய்தார்கள். அந்தக் கிழமையில் அப்படிச் செய்ததை நான் பிழை சொல்லமாட்டேன். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. விமானம் இறங்குகிற பாதையில் ஒரு கால்கிலோச் சாமானை ஏத்திவிடுகிறவன் விளையாடவில்லை, ஆட்களின் உயிரை வைத்துச் சூதாடுகிறான். அவனைப் பொலிஸ் பிடித்தால் நான் கைதட்டுவேன்.

ஆகவே என் வழக்கு விதிகளோடு இல்லை. விதி இருந்தும் விதிப்படி நடக்காத பொலிசோடு.

ஒரு சின்னக் கேள்வியை எடுப்போம். வீடியோவை ஏன் அழிக்கச் சொன்னார்கள்? இரண்டு வழிதான் இருக்கிறது. கூட்டாளி குற்றம் செய்திருந்தால் அந்த வீடியோதான் சாட்சி. சாட்சியை ஸ்டேசனுக்குள் வைத்து, சந்தேக நபரின் கையாலேயே அழிக்க வைக்கிற பொலிஸ் உலகத்தில் எங்கே இருக்கிறது? குற்றம் செய்யவில்லை என்றால், அவனுடைய சொந்தச் சாமானில் இருக்கிற சொந்தப் படத்தை அழிக்கச் சொல்ல அவர்களுக்கு என்ன உரிமை? இரண்டில் எந்தப் பக்கம் போனாலும் அந்த உத்தரவு நிற்காது. ஆனாலும் அவன் அழித்தான். பக்கத்தில் இருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் சட்டம் தெரியாமல் பேசாமல் இருக்கவில்லை. பயத்தில் பேசாமல் இருந்தோம்.

இரண்டாவது, ஏன் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்லாதது. அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை, கைது செய்யப்படுகிற ஒருத்தருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்கிறது. "இது கைது இல்லை, சும்மா விசாரிக்கத்தான்" என்று சொல்வார்கள். சும்மா என்றால் எழும்பிப் போகலாமா? போக விடமாட்டார்கள். போகவும் விடாமல், கைது என்றும் சொல்லாமல் ஒரு மனிசனை மூன்று மணித்தியாலம் வாங்கில் இருத்தி வைப்பதற்கு எங்கள் ஊரில் பேர் இல்லை. பேர் இல்லாதபடியால்தான் அது இவ்வளவு வசதியாக நடக்கிறது.

மூன்றாவது, சிங்களத்தில் எழுதின வாக்குமூலம். 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். இது எங்கள் மேடைப் பேச்சு இல்லை, அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயம். தனக்குத் தெரியாத மொழியில் எழுதின கடதாசிக்குக் கீழே கையெழுத்து வைக்கிறவன் வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வைக்கிறான். ட்ரோன் கதை என்றபடியால் இதைச் சின்ன விசயம் என்று நினைக்கவேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எங்கட ஆட்கள் எத்தனை பேர் இப்படி விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்து வருசக்கணக்காக உள்ளே இருந்தார்கள் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதே பேனை, அதே மேசை. இந்த முறை எங்களுக்கு அதிர்ஷ்டம், பின்னேரம் விட்டுவிட்டார்கள்.

இப்போது "பாதுகாப்பு" என்ற சொல்லுக்கு வருவோம். எங்கட பக்கத்தில் கடற்கரை என்றாலும் முகாம், குளம் என்றாலும் முகாம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் முகாம். எந்தப் பக்கம் ட்ரோனைத் திருப்பினாலும் ஏதாவது ஒரு வேலி அதில் விழும். பிறகு "முகாமைப் படம் எடுத்தனி" என்பார்கள். போனைத் திறந்து கூகுள் வரைபடத்தைப் பெருப்பித்துப் பாருங்கள், கட்டிடங்களின் கூரை வரைக்கும் தெரியும். உண்மையாகவே கெட்ட நோக்கம் உள்ளவன் பட்டப்பகலில், கடற்கரையில், ஊர்ச்சனத்துக்கு நடுவில் நின்று, பச்சைச் சிவப்பு லைட் மின்ன இரைச்சலோடு ஒரு சாமானை ஏத்துவானா? ஒளிக்க நினைக்கிறவனைப் பிடிப்பது கஷ்டம். ஒளிக்காமல் நிற்கிறவனைப் பிடிப்பது லேசு. பொலிஸ் லேசான வேலையைச் செய்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பேர் வைக்கிறது.

அதே நேரம் அரசாங்கம் மேலிருந்து பார்ப்பதை நிறுத்தியதா? கொரோனாக் காலத்தில் கொழும்பில் முடக்கப்பட்ட தோட்டங்களில் வீட்டுக்கு வெளியே வந்த சனத்தைக் கண்டுபிடிக்க விமானப்படையின் ட்ரோன்களைப் பறக்கவிட்டார்கள். மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட வந்த மனிசியும் அதில் விழுந்திருப்பா. அந்தப் படங்கள் எங்கே? எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள்? ஆர் பார்க்கலாம்? "அழியுங்கோ" என்று அவர்களுக்கு ஆர் சொன்னது? 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். அதை வைத்து ஒரு கூட்டாளியின் காட்டை அழிக்கவும் முடியாது, ஒரு படையின் காட்டைக் கேட்கவும் எங்களுக்குத் துணிவு இல்லை.

இந்த இடத்தில்தான் நான் அம்மம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கூட்டாளி ட்ரோன் வாங்கின புதிதில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் முதலில் ஏத்தினான். நாங்கள் எல்லாரும் கூத்தாடிக்கொண்டு மேலே பார்த்தோம். அம்மம்மா அரிசி புடைத்துக்கொண்டு இருந்தவ. சத்தம் கேட்டதும் சுளகை அப்படியே வைத்துவிட்டு எழும்பினா. ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. நான் போய் "என்னண அம்மம்மா?" என்று கேட்டதற்கு, "வண்டு மாதிரிக் கிடக்கு" என்றா. அவ்வளவுதான்.

எங்களில் கனபேருக்கு வண்டு தெரியாது. நான் 2009இல் சின்னப் பெடியன். ஆனால் வன்னியில் இருந்த ஆரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். இலங்கை விமானப்படை தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இருந்து இஸ்ரேல் செய்த ஆளில்லா வேவு விமானங்களை வைத்திருந்தது. இரைச்சலை வைத்துச் சனம் அதற்கு வைத்த பேர் வண்டு. வண்டு தானாகக் குண்டு போடாது. அது பார்த்துவிட்டுப் போகும். பிறகு கிபிர் வரும், அல்லது ஷெல் வரும். அதனால் அந்தச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் போவதா, சமைப்பதா, பிள்ளையைத் தூக்குவதா என்று முடிவெடுக்கிற பழக்கம் அந்தத் தலைமுறையின் உடம்புக்குள் இருக்கிறது. எங்களுக்கு அது விளையாட்டுச் சாமானின் சத்தம். அவைக்கு அது எண்ணுகிற சத்தம்: வந்திட்டுது, இனி எத்தனை நிமிசம்?

இப்போது பாருங்கள். மூன்று மணித்தியாலம் விசாரித்த பொலிஸ் கூட்டாளியிடம் நூறு கேள்வி கேட்டது. ஆர் காசு தந்தது, வெளிநாட்டில் ஆர் இருக்கிறார்கள், எந்த இயக்கம், எந்தக் கட்சி, முகநூலில் என்ன போடுகிறாய். கேட்காத கேள்வி ஒன்றே ஒன்று: "கீழ இருக்கிற சனத்திட்டக் கேட்டனியோ?"

ட்ரோனைப் பற்றிக் கேட்கத் தகுந்த முதல் கேள்வி அதுதான். குளிக்கிற கிணற்றடிக்கு மேலே பறக்கிறாயா, செத்தவீட்டுக்கு மேலே பறக்கிறாயா, வண்டுச் சத்தத்தில் வாழ்ந்த கிழவிக்கு மேலே பறக்கிறாயா? சனத்தின் நிம்மதிக்காகத்தான் பொலிஸ் எங்களை மறித்தது என்றால் இந்தக் கேள்வி முதலில் வந்திருக்கும். வரவில்லை. அவர்களுடைய கவலை அம்மம்மா இல்லை. மேலிருந்து பார்க்கிற உரிமை இவ்வளவு காலமும் தங்களிடம் மட்டும் இருந்தது, இப்போது ஒரு ரியூசன் வாத்தியாரின் கையிலும் இருக்கிறது, அதுதான் கவலை. வானத்தை ஒரு காணி மாதிரிப் பிடித்து வேலி போட்டு வைத்திருந்தவர்களுக்கு, வேலிக்கு மேலால் ஒரு பெடியன் எட்டிப் பார்த்தது பிடிக்கவில்லை.

இது எங்கட நாட்டில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. 2018 டிசம்பரில் லண்டனுக்குப் பக்கத்தில் கற்விக் விமான நிலையத்தில் ட்ரோன் கண்டோம் என்று சொல்லி ஒரு நாளுக்கும் மேல் ஓடுபாதையை மூடினார்கள். ஆயிரம் விமானப் பறப்புகள் வரை பாதிக்கப்பட்டன. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பயணிகள், அதுவும் கிறிஸ்மஸ் நேரம். ஆரையாவது பிடிக்கவேண்டிய கட்டாயம். பக்கத்து ஊரில் தூர இயக்கி விமானங்களில் ஆர்வமுள்ள ஒருத்தரையும் அவருடைய மனைவியையும் ஆயுதப் பொலிசார் போய்ப் பிடித்தார்கள். முப்பத்தாறு மணித்தியாலம் தடுத்து வைத்தார்கள். பேரும் முகமும் பத்திரிகைகளின் முன்பக்கத்தில் வந்தது. அந்த மனிசன் அந்த நேரம் வேலையில் நின்றவர் என்பதை முதலாளியிடம் ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். அங்கே நின்றது ட்ரோன்தானா என்பதே சந்தேகம் என்று பொலிஸ் அதிகாரி ஒருத்தரே அப்போது சொன்னார். உண்மையான ஆள் இன்றுவரை பிடிபடவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். அந்தத் தம்பதி வழக்குப் போட்டார்கள். 2020இல் பொலிஸ் நட்டஈடும் வழக்குச் செலவுமாக இரண்டு லட்சம் பவுண்ஸ் கொடுத்து முடித்தது. அங்கேயும் பொலிஸ் பிழை விடும், ஆனால் பிழைக்கு விலை உண்டு. இங்கே பிழைக்கு விலை ஒரு பிறந்தநாள் வீடியோ. அதுவும் பிழை விட்டவருக்கு நாங்கள் எடுத்துக் கொடுக்கிற வீடியோ.

அமெரிக்காவில் நியூட்டன் என்ற நகரம். ட்ரோன் வைத்திருக்கிற எல்லாரும் நகரசபையில் பதியவேண்டும், நகரத்துக்குச் சொந்தமான காணிக்கு மேலே அனுமதி இல்லாமல் பறக்கக்கூடாது என்று தங்கள் பாட்டில் விதி போட்டார்கள். ஊர்வாசி ஒருத்தர் நீதிமன்றம் போனார். வானத்துக்கு விதி போடுவது மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வேலை, உள்ளூர் ஆட்கள் அதற்குள் கை போட முடியாது என்று 2017இல் அந்தப் பகுதிகளை நீதிமன்றம் தூக்கிப்போட்டது. அதே நிர்வாகம் உள்ளூர்ப் பொலிசாருக்கு, ட்ரோன் ஒன்றைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று சட்டைப்பையில் வைக்கக்கூடிய ஒரு சின்ன அட்டையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. "இது கொழும்பில தந்தது, இங்க ஆர் பெர்மிசன்?" என்று கேட்டவருக்கு அப்படி ஒரு அட்டை இருந்திருந்தால், அந்தக் கேள்வியே வந்திருக்காது. அமெரிக்கப் பொலிஸ் புனிதர் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் என்ன செய்வார்கள் என்று எல்லாரும் பார்த்திருக்கிறோம். விதி ஆருடையது என்ற கேள்விக்கு அங்கே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி எங்கட பெடியளுக்கு. உங்களுக்கும் ஏச்சு இருக்கு.

யூரியூப்பில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பொலிசைக் கண்டதும் கமெராவை முகத்துக்கு நேரே பிடித்து "என்ர உரிமை தெரியுமோ" என்று தொடங்குகிற வீரம் ஒன்று வளருது. அதில் உரிமையை விட லைக்தான் கூட. சண்டை பிடித்து வீடியோ போட்டவன் வீட்டுக்குப் போய்விடுவான். அடுத்த கிழமை அதே கரையில் படம் எடுக்கப் போகிறவன்தான் அடி வாங்குவான். பதிவும் இல்லை, அனுமதியும் இல்லை, கோயில் திருவிழாவில் சனத்தின் தலைக்கு மேலே பற்றரி சாகச் சாகப் பறக்கவிடுவது, பொம்பிளைப் பிள்ளைகள் குளிக்கிற கடலுக்கு மேலே "சும்மா ஒரு ஷொட்" என்று போய் நிற்பது, இதெல்லாம் நடக்கிறது. நடக்கவில்லை என்று சொல்லி என்னை ஏமாத்தவேண்டாம், நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இப்படிச் செய்கிற ஒவ்வொருத்தனும் அந்த ஜீப்புக்குப் பெற்றோல் அடித்துக் குடுக்கிறான். நாங்கள் சனத்திடம் கேட்டுப் பறந்திருந்தால், பொலிஸ் மறிக்கிறபோது சனம் எங்கள் பக்கம் வந்து நின்றிருக்கும். அண்டைக்குக் கடற்கரையில் அப்படித்தான் நடந்தது. வள்ளக்கார அண்ணை ஒருத்தர் ஜீப்புக்குக் கிட்ட வந்து, "நாங்கள் கேட்டுத்தான் வந்தவை" என்றார். அவரைத் தள்ளிப்போகச் சொன்னார்கள். ஆனாலும் அவர் வந்தார். எங்கள் பதிவுப் பத்திரத்தை விட அவருடைய அந்த ஒரு வசனம் பெரிய அனுமதி.

கடைசியாக ஒரு எதிர்ப்பு. இதைக் கம்பசில் சொன்னபோது ஒரு அக்கா கேட்டா: "தம்பி, பிள்ளையைத் துலைச்ச அம்மாமார் 2017இலிருந்து கிளிநொச்சி ரோட்டில இருக்கினம். காணி விடேல்ல. நீ விளையாட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வாறாய்." அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் நித்திரை கொள்ள விடவில்லை. பதில் இதுதான்: அக்கா, நீங்கள் சொல்கிற பெரிய அநியாயங்கள் வானத்திலிருந்து விழவில்லை. காரணம் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போவது, துண்டு இல்லாமல் சாமானை எடுப்பது, விளங்காத மொழியில் கையெழுத்து வாங்குவது, படத்தை அழிக்கச் செய்வது. இந்த நாலு பழக்கமும்தான் பெரிதாக வளர்ந்து அதுவாக நின்றது. கூட்டிக்கொண்டு போனதற்கு ஒரு துண்டு எழுதியிருந்தால், அந்த அம்மாமாருக்கு இன்றைக்குக் கையில் ஒரு கடதாசியாவது இருந்திருக்கும். ட்ரோனுக்குத் துண்டு கேட்கத் துணிவில்லாத நாங்கள் எதற்குத் துண்டு கேட்கப் போகிறோம்?

ஆகவே கேட்போம். பெரிசாக ஒன்றுமில்லை.

ட்ரோன் விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் அடித்து ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் ஒட்டுங்கள். எங்கே பறக்கக்கூடாது என்று வரைபடத்தில் காட்டுங்கள், நாங்கள் அந்தப் பக்கம் வரமாட்டோம். மறித்தால் காரணத்தைச் சொல்லுங்கள். மேலே நிற்கிற சாமானைப் பாதுகாப்பாக இறக்க விடுங்கள், றிமோட்டைப் பறித்தால் அது ஆருடைய தலையில் விழும் என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எடுத்தால் துண்டு தாருங்கள். வாக்குமூலத்தை எங்கள் மொழியில் எழுதுங்கள். ஒருத்தருடைய படத்தையும் அழிக்கச் சொல்லாதீர்கள், குற்றம் என்றால் நீதவானிடம் கொண்டு போங்கள். அதோடு, உங்கள் ட்ரோன்கள் எப்போது, எங்கே, ஏன் பறந்தன, படங்கள் எங்கே இருக்கின்றன என்றும் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. நான் ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் உங்கள் ஊரிலிருந்து ஒன்று எழுதுங்கள். ஒன்று போனால் குப்பைக்கூடை, ஐம்பது போனால் கோவை.

எங்கட பக்கத்தில் நாங்கள் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பதியுங்கள். பத்திரத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள், தமிழில் ஒரு சுருக்கமும் எழுதி வையுங்கள். ஏத்த முதல் பக்கத்து நாலு வீட்டுக்குச் சொல்லுங்கள். வயசானவர்கள் இருக்கிற வீடு என்றால், என்ன சத்தம் வரப்போகிறது என்று முதலே போய்ச் சொல்லுங்கள். இறக்கின கையோடு காட்டின் பிரதியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அழிக்கச் சொன்னால், "எழுதித் தாங்கோ சேர், அழிக்கிறன்" என்று மட்டும் சொல்லுங்கள். கத்தவேண்டாம். எழுதித் தரமாட்டார்கள். உரிமை மீறப்பட்டது என்று நினைத்தால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், 126ஆம் உறுப்புரை. அது எங்களைப் போன்றவர்களுக்குத் தூரமான கதவு, தெரியும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் அவ்வளவு தூரம் இல்லை.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கொக்கு, பாம்பு, பெட்டி, கப்பல் என்று என்னென்னவோ வடிவத்தில் பட்டங்கள் ஏறும். விண் பூட்டின பட்டம் மேலே நின்று கூவும்போது ஊர் முழுக்க ஒரே இரைச்சல். இந்த முறை அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சத்தத்துக்கு அவ உள்ளே ஓடவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தா. ஆர் ஏத்தினது, நூல் ஆருடைய கையில் இருக்கிறது என்று அவவுக்குத் தெரியும். அதுதான் வித்தியாசம்.

கூட்டாளியின் ட்ரோன் இப்போது அலுமாரிக்கு மேலே பெட்டிக்குள் கிடக்கிறது. அந்தக் கரை இன்னும் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது, காட்டுவதற்குப் பழைய படம் இல்லை. போன கிழமை கேட்டான், "வித்துப்போடட்டோடா? நல்ல விலை ஒண்டு வந்திருக்கு."

வித்துப்போடாத எண்டு சொல்லத்தான் இதை எழுதினனான்.